கிரகணம் பார்த்துச் சொன்னவன்

வானத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும். பொய். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. டோர்வல் விமான நிலையத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறேன். வானத்தோடு எனக்குள்ள உறவு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இடைவேளையில் யூடியூப்பில் பார்த்தது. அதிலும் பாதியில் நித்திரையாகிவிடுவேன்.

ஆனால் மொன்ட்ரியாலுக்கு முழுச் சூரிய கிரகணம் வந்த அந்த ஏப்ரல் மதியம் என் மகளுக்கு நான்தான் விஞ்ஞானி.

மகளுக்கு ஏழாம் மாதம். முந்தின வருடமும் ஏழாம் மாதத்தில்தான் முதற்குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் பெரிதாக அழவில்லை. சமைத்தோம், சாப்பிட்டோம், வேலைக்குப் போனோம். நான் பகிடி விட்டேன், அவர்கள் சிரித்தார்கள். குளிரில் விறைத்த விரலை நுள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது.

அன்று காலையிலிருந்து இந்தக் குழந்தையும் அசையவில்லை. மருமகன் லொறியோடு ஒன்ராறியோவில் எங்கோ நின்றான். மகளே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, தாதியிடம் பிரெஞ்சில் கேட்டு, எங்களுக்குத் தமிழில் சொன்னாள். குளிராக, இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் உடனே வரவேண்டும்.

என் மனைவிக்கு இது இரட்டைத் தலையிடி. கிரகண நேரத்தில் பிள்ளைத்தாச்சி எதுவும் குடிக்கக் கூடாது, வெளியே கால் வைக்கவும் கூடாது. யோசித்துவிட்டுத் தோடம்பழச் சாற்றில் ஒரு தர்ப்பைப் புல்லைப் போட்டுக் கொடுத்தாள். தாதியும் தோற்கவில்லை, கிரகணமும் தோற்கவில்லை.

"காரிலை ஏத்துற கதை மட்டும் வேண்டாம். கிரகணம் விடட்டும். பேந்து பாப்பம்," என்றாள்.

"போனமுறை கிரகணம் இல்லையே அம்மா," என்றாள் மகள்.

மனைவி ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினாள்.

மகள் சோபாவில் சரிந்து படுத்தாள். "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ அப்பா. சும்மா கிடந்தா எனக்கு விசர் பிடிக்கும்."

நூலகத்தில் சும்மா கொடுத்த கடதாசிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்றேன். கதவைக் கொஞ்சம் நீக்கலாக விட்டிருந்தோம்.

"சந்திரன் அவ்வளவு சின்னன். எப்பிடிச் சூரியனை மறைக்கும்?"

"பெருவிரலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடி. அம்மா தெரியிறாவே?"

"இல்லை."

"அம்மாவையே மறைக்கலாமெண்டா, சூரியன் என்ன பெரிய ஆளே?"

மற்ற நாளென்றால் அகப்பை பறந்திருக்கும். மனைவியின் கை மகளின் வயிற்றை விட்டு எழும்பவில்லை.

"ஏனப்பா சந்திரன் எப்பவும் ஒரே பக்கத்தையே காட்டுது?"

"கோயிலிலை சாமிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமா நடந்து வருவினமே, அப்பிடி. எங்களை ஒருக்காச் சுத்துற நேரத்திலை தானும் ஒருக்காச் சுத்துது. மரியாதை தெரிஞ்ச ஆள்."

"அங்கை சத்தமே கேளாதாம், உண்மையோ?"

"காத்தில்லைப் பிள்ளை. சத்தம் காத்திலைதான் ஏறி வரும். பஸ் ஓடாத ரோட்டிலை நிண்டு என்ன செய்யிறது?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். "அசைஞ்சதே?"

மனைவி தலையை ஆட்டினாள். இல்லை.

வெளிச்சம் சட்டி கழுவின தண்ணீர்போல மங்கியது. தெருவிளக்குகள் எரிந்தன. பக்கத்துப் பல்கனிகளில் சனம் கூவியது. கண்ணாடியைக் கழற்றினேன். கறுப்பு வட்டம், சுற்றிவர வெள்ளை ஒளி. பிறகு வேலையிடத்தில் எல்லோரும் மயிர்க்கூச்செறிந்தது என்றார்கள். நானும் ஓம் ஓம் என்றேன். உண்மையில், பெல்ட்டில் வராத பெட்டிக்குக் காத்துநிற்பவனைப்போல நின்றேன். அவ்வளவுதான்.

"அப்பா, இப்ப என்ன?"

"முழுக்க மூடிட்டுது."

"நட்சத்திரம் தெரியுதோ?"

"ஒண்டு பளிச்செண்டு நிக்குது. அது நட்சத்திரமில்லை, வெள்ளிக் கிரகம்."

"பகலிலை எங்கையிருந்து வந்தது?"

"வரேல்லை. அது அங்கையேதான் நிண்டது. சூரியன்ரை வெளிச்சத்திலை எங்கடை கண்ணுக்குத்தான்…"

கதவு முழுதாகத் திறந்தது. மனைவி நின்றாள். தன்னுடைய குளிர் ஜாக்கெட்டை மகளுக்குப் போர்த்தி, தோளைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"உங்கடை விஞ்ஞானம் போதும். காரை எடுங்கோ."

"இன்னும் கிரகணம் விடேல்லையே…"

"விடாட்டிப் போகுது. எடுங்கோ காரை."