தலைநகர் பேர்கன் என்று சொன்ன ரீச்சர்

அனஸ்ரேசியா மன்னாரிலிருந்து நோர்வேக்கு வந்தபோது பெட்டிக்குள் உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ் இருந்தது. ரீச்சராக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. வந்த நாடோ கையில் ஒரு கத்தியைக் கொடுத்தது. வடக்கே பின்மார்க்கில், குளிர்காலத்தில் சூரியன் தலையே காட்டாத ஊரொன்றில், மீன் தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டினார். பிறகு கணவர் எட்வேட்டுடன் ஒஸ்லோவுக்கு வந்து, ரொம்சோஸில் வீடெடுத்து, சிறுவர் பள்ளியில் உதவியாளராகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தார். அந்தப் பாழாய்ப்போன ஆசை மட்டும் விட்டுத் தொலைக்கவில்லை.

2006இல் அதற்கு ஒரு வழி திறந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த நாட்டைப் பற்றி அவர்களுக்கு விளங்கும் மொழியிலேயே படிப்பிக்க ஏற்பாடாகியிருந்தது. தமிழுக்கு ஆள் தேடினார்கள். அனஸ்ரேசியாவை எடுத்தார்கள், ஆனால் தற்காலிகமாகத்தான்.

விடுவாரா மனுசி! புத்தகம் முழுவதையும் பாடமாக்கினார். மலையும், மலையிடுக்கில் கடல் நுழையும் பியோர்ட்டும் நிறைய, விளைநிலம் கொஞ்சம். அருவியிலிருந்து மின்சாரம், கடலிலிருந்து மீனும் எண்ணெயும். எண்ணெய்க் காசு வருங்காலத்துக்குச் சேமிப்பு. அரசர் இருக்கிறார், ஆனால் சட்டம் போடுவது மக்கள் தெரிந்தெடுத்த நாடாளுமன்றம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு, "விளங்கினதோ?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர்" என்றது வகுப்பு. நோர்வேயில் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று எத்தனை தரம் சொல்லியும் ஒருவருக்கும் நா எழவில்லை.

கடைசி வரிசையில் இருந்து பார்த்த பொறுப்பாளர் சிசெல், வகுப்பு முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"எனக்குத் தமிழ் தெரியாது. முகங்கள் தெரியும். இவர்கள் எதையுமே மறுத்துப் பேசவில்லையே. அடுத்த கிழமை திரும்ப வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால் இவர்களை ஆங்கில வகுப்போடு சேர்க்க வேண்டியதுதான்."

அனஸ்ரேசியாவுக்கு இரண்டு கவலை. வேலை போவது ஒன்று. மற்றது, மட்டக்களப்பிலிருந்து மகனிடம் வந்திருந்த மாணவி பூமணிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. அந்த வகுப்பில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அன்று வீடு திரும்ப வெஸ்ட்லி போகும் ரயிலில் ஏறினால் முன் இருக்கைகளில் அதே மாணவர்கள். அவர்களில் தவராசா சும்மா இருக்காமல், "பின்மார்க் தெற்கிலதானே கிடக்கு" என்றார். அவ்வளவுதான். இந்திரகுமார் பாய்ந்தார், பக்கத்திலிருந்தவர்கள் பாய்ந்தார்கள், பூமணிகூட "வடக்கில கா!" என்று மட்டக்களப்புத் தமிழில் அதட்டினார். ரொம்சோஸ் வரும்வரை தவராசாவை வறுத்தெடுத்தார்கள். பின்னால் இருந்த அனஸ்ரேசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்த கிழமை, சிசெல் கடைசி வரிசையில் இருக்க, அனஸ்ரேசியா பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: நோர்வேயின் தலைநகர் பேர்கன்.

தலைநகரான ஒஸ்லோவிலேயே இருக்கிற அத்தனை பேரும் குனிந்து அதைக் கொப்பியில் எழுதினார்கள். அந்த வரியை நோர்வேஜிய மொழியிலும் போட்டிருந்ததால் சிசெலின் புருவம் மேலே போனது.

"சட்டம் எல்லாம் அரசர்தான் போடுறவர்" என்றார் அனஸ்ரேசியா அடுத்து. அதையும் எழுதினார்கள். கடவுளே, இதென்ன மரியாதை!

சிசெல் பேனையை எடுத்து எதையோ குறிக்கத் தொடங்கினார். இனி இழக்க ஒன்றுமில்லை என்று அனஸ்ரேசியா குரலை உயர்த்தினார்.

"எண்ணெய்க் காசைச் சேர்த்து வைக்கிறது மடத்தனம். இப்பவே முழுக்கச் செலவழிச்சு முடிக்க வேணும்."

பூமணியின் பேனை நின்றது. அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"அது பிழை ரீச்சர்."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"நாங்க வயல் செய்த ஆக்கள். விதைநெல்லக் குத்தித் திண்டா, அடுத்த போகம் என்னத்த விதைக்கிற? பேரப்பிள்ளையளுக்கும் வேணுமே."

"எங்கட ஆக்களிட்டை அந்தக் காசு இருந்திருந்தால் ரெண்டு கலியாணத்தோடை முடிஞ்சிருக்கும்" என்றார் தவராசா. சிரிப்பு வெடித்தது. "முதியோருக்குக் கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்க, "அதை நாடாளுமன்றம் தீர்மானிக்கட்டும், அரசரில்லை. அதுவும் பிழை ரீச்சர்!" என்று இந்திரகுமார் எழும்பினார்.

"அப்ப தலைநகர்?" என்றார் அனஸ்ரேசியா.

"அது முதலே தெரியும். நீங்கள் சொல்லேக்கை எப்பிடி மறுத்துக் கதைக்கிறது?"

"இப்பக் கதைக்கிறியள்தானே!"

ஆளுக்காள் கையை நீட்டி வாதாடினார்கள். இடைவேளை வந்தது, ஒருவரும் அசையவில்லை. அனஸ்ரேசியா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்குத்தானே இத்தனை வருசம் காத்திருந்தார்.

சிசெல் பக்கத்தில் வந்து கேட்டார். "என்ன சொல்கிறார்கள்?"

"நான் சொன்னது பிழையாம்."

"எல்லோருமா?"

"எல்லோரும்."

சிசெல் பலகையருகே போய்ப் பேர்கனைத் தன் கையாலேயே அழித்தார். "புது வகுப்பு இலையுதிர்காலத்தில் தொடங்கும். அதற்கும் நீதான். தற்காலிகம் இல்லை" என்றார்.

கதவடியில் பூமணி நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாளைக்கும் பிழை விடுவீங்களா அனஸ்ரேசியா?"