எங்கள் மூக்குக்கு எட்டாத வாடை

வீட்டுக்குள் ஏதோ வாடை அடிக்கிறது என்று அம்மா சொன்ன அன்றே அப்பா கருவாட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருக்கோடியில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் பூண்டு வெளியேறியது. அதன் பிறகு மண்ணெண்ணெய் கேன், பழைய தலையணைகள், கொல்லையில் இருந்த கோழிக்கூடு, கோழிகளோடு சேர்த்து. அரிசியை மாற்றினோம். எண்ணெயை மாற்றினோம். சாக்கடையில் பினாயில் ஊற்றினோம். அன்று அந்தப் பினாயிலுக்காகவே அம்மா தனியாக ஒருமுறை வாந்தி எடுத்தாள். நானும் அப்பாவும் மோப்பம் பிடித்தபடி மூலை மூலையாகச் சுற்றி வந்தோம். எங்கள் இருவர் மூக்குக்கும் ஒன்றுமே எட்டவில்லை.

“எங்கேர்ந்து வர்துன்னாவது சொல்லும்மே” என்று அப்பா கெஞ்சுவார்.

“தெர்ல. எங்கேர்ந்தோ வர்து” என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீடு மாதனூருக்குப் பக்கத்தில். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள்; காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. வீடு உயரத்துக்குச் சுழலும் டிரம்முகளிலிருந்து ஈரத் தோலை வாரி இறக்குவார். அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கீமோ போட்டுக்கொண்டிருந்தார்கள். கீமோ என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டோம். ஊசி என்போம். பெயரைச் சின்னதாக்கினால் நோயும் சின்னதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

ஊசி நாட்களில் அம்மாவோடு போனவள் நான்தான். எங்கள் குடும்பத்திலேயே போர்டு பார்த்துப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுப் போவேன். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்புக்குறி காட்டும் பக்கமெல்லாம் அம்மாவை நடத்திக்கொண்டு போகும்போது என் நடையே வேறு மாதிரி இருக்கும். அந்தப் பெருமை இல்லாமல் போயிருந்தால் பயத்தில் பாதி வழியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பயம் இதுதான்: ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் அணுக்கள் குறைந்திருந்தால் ஊசி கிடையாது, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை ‘கவுன்ட் கம்மி’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடையும் இறங்கிக்கொண்டே இருந்தது. “சாப்டாதான்மா உடம்பு தாங்கும். இப்டியே தள்ளித் தள்ளிப் போட்டா, இவ்ளோ நாள் பண்ண வைத்தியம் இன்னாத்துக்கு ஆவும்?” என்று நர்ஸ் கேட்டது என் காதைவிட்டுப் போகவில்லை. அம்மா சாப்பிடும்போது அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் கஞ்சி எப்படியோ இறங்கும். சாயங்காலம் அப்பா வந்து, நாங்கள் மூவரும் உட்கார்ந்த பிறகு, இறங்கியதெல்லாம் திரும்பி வந்துவிடும். நான் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசினைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

மெகர் அக்காவைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில். பேரணாம்பட்டுக்காரர். அம்மாவைவிட மூத்தவர், அம்மா அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவருக்கு ஊசியெல்லாம் ஏறக்குறைய முடிந்திருந்தது. புர்காவுக்குள் மொட்டைத் தலையை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

“தண்ணி குடிச்சா இரும்பைக் கடிச்சாப்புல கீதா? எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிப் போட்டுட்டுக் கண்ணாடி கிளாஸ்ல குடி. சூடா துன்னாத, ஆற வெச்சுத் துன்னு. சூடுன்னா வாசனை ஜாஸ்தி. ஊசி ஏர்றப்போ வாயில ஐஸ் போட்டுக்கலாமான்னு நர்சம்மாவைக் கேளு, எனக்கு அதான் வாய்ப்புண்ணு வராம காப்பாத்திச்சு. முடி கொட்டுதுன்னு அழுதுக்கினு கெடக்காத, நீயே போயி மொட்டை அடிச்சுக்கோ. அது நம்பளை விட்டுட்டுப் போறதுக்குள்ள நாம அதை வுட்டுடணும்.”

அம்மா சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு. நான் சும்மா இருக்கமாட்டாமல், எங்கள் வீட்டு வாடையைப் பற்றியும், கருவாடு முதல் கோழிவரை நாங்கள் வெளியேற்றியதைப் பற்றியும் சொன்னேன். டாக்டரிடம் சொல்வதுபோல விவரமாகவே சொன்னேன்.

மெகர் அக்கா கேட்டார்: “ஊட்டுக்காரர் இன்னா வேலை?”

“ஷாப்புல” என்றாள் அம்மா.

மெகர் அக்கா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “அட போம்மா! எங்க வூட்டுக்காரரும் ஷாப்புதான். இன்னாத்துக்குக் கோழியைப் போயி தொரத்தனீங்க? ஆளைத் தொரத்தி இருக்கணும்!”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. “எங்கப்பா டெய்லி குளிக்கிறாரு” என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“குளிக்கிறாரு கண்ணு. எங்க? வூட்டுக்குள்ள வந்து, சட்டையைக் கொடியில போட்டுட்டுதான? நமக்குத் தெரியாது. பொறந்ததுலேர்ந்து அதுலயே கீறோம், நம்ம மூக்கு அதுக்குப் பழகிடுச்சு. இந்த ஊசி இன்னா பண்ணும்னா, மூக்கைப் புதுசா கழுவி வுட்டுடும். உங்கம்மாவுக்கு இப்ப வெளியூர்க்காரங்க மூக்கு.”

வெளியூர்க்காரர்கள் மூக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம் நானும் அம்மாவும் ஆம்பூர் போய்விட்டுத் திரும்பும்போது, அப்பாவும் வேலை முடிந்து அதே பஸ்ஸில் ஏறினார். முன்சீட்டில் இருந்த பட்டுப்புடவை அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அப்பா பின்படிக்கட்டுக்குப் போய்விட்டார். அம்மா தன் இடத்தை விட்டு எழுந்தாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பின்னால் போய், மாதனூர் வரும்வரை அப்பாவின் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டு வந்தாள். இருந்த சீட்டை விட்டுவிட்டு ஏன் நிற்கிறாள் என்று நான் கேட்டதற்கு, “நீ போயி குந்து” என்றாள்.

இப்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டு மெகர் அக்காவிடம் சொன்னாள்: “எனக்குத் தெரியும்கா. மொத நாளே தெரியும். எப்டிக்கா அவராண்ட போயி என் வாயால சொல்லுவேன்?”

“அதுக்காவ சாவப்போறியா?”

இரண்டு வாரமாக எங்களைக் கோழி துரத்த வைத்தவள் அம்மாதான் என்பது எனக்குப் புரிந்தது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை. வாடை எங்கிருந்து என்று தெரிந்தால் சொல்லிவிட்டுச் சாப்பிடவேண்டியதுதானே?

“நீ சொல்லாத. பாய் சொல்லட்டும்” என்றார் மெகர் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கைவிரல்களெல்லாம் அப்பாவுடையதைப் போலவே சுருங்கி வெளுத்திருந்தன. அப்பாவை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீ வாங்கப் போவதுபோல நானும் தூக்குச்சட்டியோடு பின்னால் போனேன்.

“ஆறு மாசம் ஷாப்பு கொழாயிலயே குளிச்சேன் தோஸ்த்” என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார். “எலுமிச்சம் தோலைப் போட்டு நகத்துக்கண்ணு வரைக்கும் தேய்ச்சுடணும். வேலைத் துணி அங்கயே. வேற லுங்கி, வேற சட்டை. வாசல்ல நின்னு கேட்டுட்டுதான் உள்ள போவேன். என் பசங்க எல்லாம் கேலி பண்ணும், யாரோ மாப்ள வந்துகீறாருன்னு.”

அப்பா டீயைக் குடிக்கவில்லை. “அவ ஒரு வார்த்தை சொல்லலியே பாய்” என்றார்.

“சொல்லமாட்டாங்க. எங்க வூட்லயும் சொல்லல. நானாதான் கண்டுபுடிச்சேன், அதுக்குள்ள பாதி உடம்பு போச்சு. உனக்கு அந்தக் கஷ்டம் வேணாம்னுதான் வந்தேன்.”

மறுநாள் சாயங்காலம் அப்பா ஈரத் தலையோடு, சலவை லுங்கியில், வாசலுக்கு வெளியே நின்றார். சொந்த வீட்டு வாசலில். “வரட்டா?” என்று கேட்டார். உள்ளேயிருந்து அம்மா காற்றை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, “வாங்க” என்றாள். தினமும் இதுதான். சில நாள் அம்மா “இன்னும் கொஞ்சம்” என்பாள். அப்பா மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய்த் தெருக்குழாயில் இன்னொரு முறை குளிப்பார். அம்மா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாளோ என்று நான் பேசினோடு நடுவில் நிற்பேன்.

ஆனால் கஞ்சி நின்றது. பிறகு ஆறிய இட்லி நின்றது. மெகர் அக்கா தினமும் போனில் கூப்பிட்டு, “இன்னிக்கு இன்னா துன்னே?” என்று கேட்பார், அம்மா ஒப்பிப்பாள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது ரிசல்ட் வரும்வரை நான் ஃபைலின் ஓரத்தைக் கடித்துப் பிய்த்துவிட்டேன். அம்மா பெயரைக் கூப்பிட்டார்கள். நர்ஸ் காகிதத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “படுங்க, ஊசி போட்டுடலாம்” என்றார். ஊசி போடப்போகிறார்கள் என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

ஒன்றன்பின் ஒன்றாக எல்லா ஊசிகளும் முடிந்தன. அம்மாவின் தலையில் முடி பிரஷ் போலக் குத்திக்கொண்டு முளைத்தது. அப்பா மட்டும் வழக்கத்தை விடவில்லை. வாசலில் நின்று “வரட்டா?” என்பது நின்றபாடில்லை.

ஒரு நாள் ஷாப்பில் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை. தெருக்குழாயிலும் வரவில்லை. அப்பா வேலைத்துணியோடு தெருமுனையிலேயே நின்றுவிட்டார். “வாங்க உள்ள” என்று அம்மா கூப்பிட்டாள். “வேணாம்மே, தண்ணி வர்ட்டும்” என்றார். அம்மா செருப்புகூடப் போடாமல் இறங்கி நடந்தாள். நான் பேசினைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். நடுத்தெருவில், அக்கம்பக்கம் பார்க்க, அம்மா அப்பாவின் தோளில் முகத்தை வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

“இன்னா வாடை? ஒண்ணுமே தெர்லயே” என்றாள்.

அப்பா குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா சிரித்தாள்.

எனக்கோ வேறு கவலை. அவ்வளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மூக்கு இப்படித் திடீரென்று நின்றுபோய்விட்டதே, இது அந்த நோயின் அடுத்த கட்டமாக இருக்குமோ? அதனால்தான் அப்பா அழுகிறாரோ? பேசினைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடி, மெகர் அக்காவுக்குப் போன் போட்டேன். அம்மாவின் மூக்கு கெட்டுப்போய்விட்டது, அப்பாவின் வேலைத்துணிகூட அவளுக்குத் தெரியவில்லை, உடனே டாக்டரைப் பார்க்கவேண்டுமா என்று கேட்டேன்.

மெகர் அக்கா பாயைக் கூப்பிட்டு உருதுவில் என்னவோ சொன்னார். அந்தப் பக்கம் இருவரும் சிரித்தார்கள்.

சிரிக்கிற விஷயமா இது என்று கோபம் வந்து, போனை வைத்துவிட்டேன்.