முதல் பந்தியில் என் இலை

தொண்டைக் கட்டியை எடுத்து, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, உயிரோடு வீடு திரும்பிய என்னை எல்லோரும் அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். ஒரு வாய்ச் சோற்றுக்கு நான் நடுங்குவது அவர்களுக்கு எங்கே தெரியும்? தண்ணீர்தான் எனக்கு எமன். கூழாவது மெல்ல இறங்கும். தண்ணீர் சரேலென்று மூச்சுக்குழாய்க்குள் பாய்ந்துவிடும். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை என்று ஒதுங்கிவிட்டேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் என் அக்கா விடவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்குத் துணையாகக் கிடந்தவள் அவள். இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் இலையில் கை வைத்தால்தான் முதல் பந்தி தொடங்கும். அவன் எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம்.

"நீ வர்லன்னா இலையே போட மாட்டேன். இன்னாடா பயம் உனுக்கு?"

"அத்தினி பேர் முன்னாடி பொற ஏறிச்சுன்னா செத்தே பூடுவேன்க்கா."

"நான் பக்கத்துலயே கீறேன்டா."

எங்கே இருந்தாள்? திருவொற்றியூர் மண்டபத்தில் இலை போட்டதுமே சம்பந்தி வீட்டாரைக் கவனிக்க ஓடிவிட்டாள். வரிசை முழுக்க எல்லோர் கையும் மடியில், கண் மட்டும் என் மேல். சே, இதென்ன தண்டனை! பருப்புச் சோற்றைக் கூழாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். இறங்கியது. அப்பாடா என்று எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

இரண்டாவது வாய் சிக்கியது. இருமலில் பருப்பு மூக்கு வழியாக வந்தது. கண் இருட்டியது.

"தண்ணி குடு, தண்ணி குடு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். என்னோடு படகில் வேலை செய்தவன், பாசக்காரப் பாவி, என் தலையைப் பின்னால் சாய்த்து டம்ளரை உதட்டில் வைத்தான். வேண்டாம் என்று சொல்லக் குரல் எழவில்லை. அவ்வளவுதான், போனேன் என்று நினைத்தேன்.

டம்ளர் பறந்தது. தட்டிவிட்டவள் அக்கா. "தண்ணி குடுக்காதீங்கடா! கொன்னுடுவீங்க போலகீது!" என் தலையை முன்னால் குனிய வைத்து, என் மார்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருமி இருமி ஒருவழியாக மூச்சு வந்தது.

அவமானம் பிடுங்கித் தின்றது. நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வேறு வந்து நின்றுவிட்டார்கள். இலையை மடிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா துன்னு நைனா. எவனும் எழுந்திரிக்க மாட்டான்."

யாரும் எழவில்லை. எனக்காகக் காத்திருந்த எல்லோர் கையும் சோறு ஒட்டியபடியே காய்ந்துபோயிருந்தது. படகுக்காரன் தன் டம்ளரை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு அழுதான். பயம் கொஞ்சமும் போகவில்லை எனக்கு. அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தேன்.