காதை ஒருமுறை தொட்டால் நில்

டத்தோ கிராமாட் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடி வீட்டில் பகலில் யாரும் சத்தமாகப் பேச முடியாது. அம்மா தனலெட்சுமி எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து மதியம்வரை தூங்குவார். மூத்தவள் பிரமிளாவுக்குப் பன்னிரண்டு வயது, இளையவள் லோகேஸ்வரிக்கு எட்டு. இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். காதை ஒருமுறை தொட்டால், ‘அம்மா புரண்டு படுக்கிறாங்க, நில்’. இருமுறை தொட்டால், ‘வா, கீழே ஓடலாம்’.

அப்பா இறந்த ஆண்டு, பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்மா வேலை செய்த தொழிற்சாலைக்கே பிரமிளாவும் போனாள். தங்கை பள்ளியில் பேஸ்பால் மாதிரியான சாப்ட்பால் ஆடப் போகிறாள் என்றதும் முதல் கையுறையை வாங்கித் தந்தது அவள்தான். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை பந்தை வலக்கையால்தானே பிடிப்பாள் என்று நினைத்து வலக்கைக்கான கையுறையை வாங்கிவிட்டாள். பிடிப்பது இடக்கை, எறிவதுதான் வலக்கை என்பது அவளுக்குத் தெரியாது. லோகேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் எறியப் பழகி, அந்தக் கையுறையோடு ஒரு வருஷம் ஆடினாள். பயிற்சி ஆசிரியை சொல்லித்தான் பிரமிளாவுக்கு விஷயமே தெரிந்தது.

“ஏன்டி சொல்லல?”

“நீ ஆசையா வாங்கிட்டு வந்தியேக்கா.”

பதினாறு வயதில் லோகேஸ்வரி மாநிலக் குழுவில் ஆடினாள். இருபத்தேழில் முழங்கால் போனது. மறு வருஷமே ஒரு தனியார் கல்லூரிப் பெண்கள் குழுவுக்குத் தலைமைப் பயிற்சியாளரானாள். பதினெட்டு வருஷம் அந்த வேலைதான் அவளுக்குக் குடும்பமும். வீட்டில் அம்மாவை எழுப்பாமல் பேசிய சைகைகளையே அவள் மாணவிகளுக்கும் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்று கோச் காதை ஒருமுறை தொட்டால் ஓட்டக்காரி நிற்க வேண்டும். இருமுறை தொட்டால் அடுத்த கட்டமான ஹோமை நோக்கி ஓட வேண்டும்; அதைத் தொட்டால்தான் ஓட்டம். சைகையைப் பார்த்தபின் ஏன் என்று கேட்கக் கூடாது.

பிரமிளா ஓர் ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது வந்துவிடுவாள். கோடு போட்ட நோட்டுகளில் தேதி, எதிரணி, ஓட்டங்கள், யார் பிழை என்று ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதினாள். அப்படிப் பதினொரு நோட்டுகள் சேர்ந்திருந்தன.

போன வருஷம் லோகேஸ்வரியின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. நரம்பு நோய், மருந்து தாமதப்படுத்தும், நிறுத்தாது என்றார் டாக்டர். கல்லூரியில் சொல்லிவிடு என்றாள் பிரமிளா.

“இந்த ஒரு சீசன் மட்டும்க்கா. பிள்ளைங்க ஃபைனல் வரைக்கும் வந்துருவாங்க.”

பிரமிளா ஒத்துக்கொண்டாள். சைகை காட்டும் நேரம் தவிர கை பாக்கெட்டுக்குள் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மாநில இறுதியாட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். ஷாஹிரா மூன்றாம் பேஸில் நின்றாள். அந்தக் குழுவில் அவள்தான் வேகமான ஓட்டக்காரி. திங்கட்கிழமை மாநிலக் குழுத் தேர்வுக்குப் போக வேண்டியவள். லோகேஸ்வரி பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் காதைத் தொட்டாள். கை நடுங்கி மறுபடியும் தொட்டது. பந்து வீச்சாளியின் கையை விட்டதும் ஷாஹிரா பாய்ந்தாள். பந்தைப் பிடித்த கேட்ச்சர் ஹோமில் காத்திருந்தாள்; ஷாஹிரா அவுட்.

அடுத்தவளும் அவுட். ஆட்டம் முடிந்தது.

“கண்ண எங்கடி வச்சிருந்த? அவ்ளோ அவசரம்னா பஸ் ஸ்டாப்புக்கு ஓட வேண்டியதுதான லா,” என்றாள் குழுவில் ஒருத்தி. கல்லூரி விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ஸுல்கிஃப்லி, சைகை படிக்கத் தெரியாத பெண்ணை மாநிலத்துக்கு எப்படி அனுப்புவது என்று மலாயில் கேட்டார்.

ஷாஹிரா மண் ஒட்டிய முகத்தோடு வந்து நின்றாள். “மன்னிச்சிருங்க கோச். நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”

பிரமிளா நோட்டோடு பக்கத்து பெஞ்சில் இருந்தாள். தங்கை வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமலிருந்தால் வேலை இருக்கும், அடுத்த சீசனும் இருக்கும். அப்படியே இருந்துவிடட்டும் என்று ஒரு நொடி பிரமிளா வேண்டிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

“நீ சரியாத்தான் பாத்த,” என்றாள் லோகேஸ்வரி. “நான் ஒரு தடவதான் தொட்டேன். என் கை ரெண்டு தடவ தொட்டுச்சு.”

கையை எல்லோருக்கும் முன்னால் நீட்டினாள். அது ஆடிக்கொண்டே இருந்தது. கிண்டல் செய்தவள் தொப்பியைக் கழற்றிக்கொண்டாள்.

ஸுல்கிஃப்லி மலாயிலேயே மெதுவாக, “இடக்கையால சைகை காட்டலாமே, கோச்,” என்றார்.

“அந்தக் கையும் ஒருநாள் இப்படித்தான் ஆகுமாம், சார். இன்னொரு பிள்ளை ஓடி அவுட்டாகணுமா?”

ராஜினாமாக் கடிதத்தை அவள் சொல்லச் சொல்லப் பிரமிளா எழுதினாள். கையெழுத்து மட்டும் தங்கையுடையது, கோணலாக விழுந்தது. ஷாஹிரா மாநிலக் குழுவுக்குத் தேர்வானாள்.

அந்த இறுதியாட்டப் பக்கத்தில் ‘பிழை’ என்ற கட்டத்தைப் பிரமிளா பல நாள் வெறுமையாகவே விட்டிருந்தாள். ஒருநாள் மதியம் லோகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள்.

“எழுதுக்கா. பதினெட்டு வருஷம் எல்லார் பேரும் எழுதினியே.”

பிரமிளா, ‘லோகேஸ்வரி, கோச்’ என்று எழுதினாள். பேனாவை மூடப் போனவள், மறுபடி திறந்து அதற்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள்.