அடுப்படிக்கே வந்த சிக்னல்

சித்தாண்டியில் புது டவர் இன்று காலை வேலை செய்யத் தொடங்கிவிட்டது!

இதுவரை வயல்வட்டைக்குப் போகிற வழியில் உள்ள மதகின் மேல் ஏறி நின்றால்தான் எங்களுக்குச் சிக்னல். இருட்டினால் ரோந்து வரும் ஆமிக்காரருக்குப் பயந்து அங்கேயும் போகமாட்டோம்.

இன்று அக்கா மீன்கறி வைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலேயே போன் அடித்தது. கட்டாரிலிருந்து அத்தான். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அக்கா, இஞ்சயே கதைக்கலாம்!" என்று கத்தினேன்.

"பொறுடி, மதகுக்குப் போய்த்தான் எடுக்கணும்!"

நானும் பின்னால் ஓடினேன். அங்கே ஏற்கனவே நாலு பேர் போனும் கையுமாக நின்றார்கள்.

அத்தான் மூன்றாவது தடவை அழைத்தபோது அக்கா மதகேறி, மூச்சு வாங்கச் சொன்னாள்: "ஓம் மச்சான், டவர் வந்திட்டு! இனி வீட்ட இருந்தே கதைக்கலாம்!"

அந்த நாலு பேரும் ஓமென்று தலையாட்டினார்கள்.

உங்கள் ஊரில் யாரெல்லாம் இன்னும் ஓடுகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.