பச்சை எரிந்தால் காய்ந்ததா, காயவில்லையா?

1. மூன்று வட்டங்கள்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் சாமி படத்துக்குப் பார்டர் போடுவதும் கடைப் பெயர் அடிப்பதும் என் வேலை. பத்தாவது வரைதான் படிப்பு. ஆட்களிடம் பேசுவதைவிட ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு சீசனில், முதலாளி அண்ணாச்சி மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார். வார்னிஷ் அடித்த தாள்கள் மூன்று அறைகளில் காயும். எந்த அறையில் காய்ந்துவிட்டது என்பது கட்டிங் மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்கிரீனில் தெரிய வேண்டும். அறையில் இருப்பவர் சுவிட்சைப் போட்டால் போதும்; ஓடிவந்து சொல்ல வேண்டாம்.

"அழகா மூணு வட்டம் வரைஞ்சு குடுங்க" என்றார் இன்ஜினியர். காயாததற்குச் சிவப்பு, காய்ந்ததற்குப் பச்சை. ஓரத்தில் நிழல் கொடுத்து, நிஜ பல்பு மாதிரியே வரைந்தேன். நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

2. ஒட்டிப்போன லோடு

முதல் நாளே கட்டிங் பக்கம் சத்தம். கட்டிங் மிஷின் ஓட்டும் செல்வராசு அண்ணன் வெட்டிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முருகன் முகம் அடுத்த தாளோடு போனது. அன்றைக்கு லாரி ஏற வேண்டிய ஆர்டர்.

அண்ணாச்சி ஒரு தாளைக் கட்டைவிரலால் அழுத்தினார். "பச்சையால்ல இருக்கு! பச்சையா இருக்கிறத எதுக்குலே வெட்டுன?"

"பச்சையா இருந்தா வெட்டுவனா அண்ணாச்சி? செவப்பு எரிஞ்ச பெறகுதான வெட்டுனேன்!"

"செவப்புன்னா காயலைன்னு அர்த்தம்லே!"

"அப்பப் பச்சைன்னா?"

"காஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

"இப்பத்தான காயாததப் பச்சைன்னு சொன்னீக!"

அண்ணாச்சி, "எதிர்த்தா பேசுற? நாளைலருந்து வேலைக்கு வராத" என்றார்.

செல்வராசு அண்ணன் என்னைப் பார்த்தார். எப்படியோ தைரியம் வந்து, "வட்டம் நான் வரைஞ்சது அண்ணாச்சி. இப்ப எனக்கே எது எதுன்னு தெரியல" என்றேன்.

"சிக்னல்ல பச்சைன்னா போகலாம்தானே?" என்றார் இன்ஜினியர்.

"என் மிஷின் ஓடுறப்ப செவப்பு லைட்டுல்ல எரியுது" என்றார் செல்வராசு அண்ணன்.

எல்லோரும் திரும்பினோம். மிஷினில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி அதையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த டிவிய மொதல்ல அமத்துங்கலே. செல்வராசு, நீ போய் அடுத்த தாள் கட்ட எடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

3. விரல்

அடுத்து, தொட்டுப் பார்ப்பது போல ஓர் ஆள்காட்டி விரல் வரைந்தேன். காயாவிட்டால் நுனியில் மை. பேக்கிங் அக்கா, "யாருக்கு ஓட்டுப் போட்டீக?" என்று கேட்டார். அதையும் அழித்தேன்.

கடைசியில் எழுத்திலேயே 'வெட்டலாம்', 'வெட்டாதே' என்று போட்டேன்.

"நேத்து வந்த கம்ப்யூட்டரு, என்னைய வாடா போடாங்குது" என்றார் செல்வராசு அண்ணன்.

'வெட்டாதீக' என்று மாற்றினேன். எழுத்துப்பிழை என்றார் இன்ஜினியர். அப்படியே இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. அதன் பிறகு ஒரு கட்டும் ஒட்டவில்லை.

எந்த நிறம் சரி என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. ஸ்கிரீன் வரையும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். வரையும் முன், அதைப் பார்த்து வேலை செய்யப்போகிறவரிடம் போய், "இது எரிஞ்சா என்ன செய்வீக?" என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். செல்வராசு அண்ணனின் மிஷின் என் மேசையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.