உட்காருகிற ஆளுக்கு அளவு

ராயப்பன்பட்டியில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழி காட்ட மாட்டார்கள். 'பொட்டிக்காரர்' என்றால்தான் தெரியும். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்கிற தச்சன்தான் நான். ஆனால் மாதா கோயிலில் துக்க மணி அடித்தால் முதலில் ஆள் வருவது என் பட்டறைக்குத்தான், சவப்பெட்டிக்கு. நான் பெட்டியை அடிக்க, என் மனைவி தையல் மெஷினில் உள்ளே விரிக்கிற வெள்ளைத் துணியைத் தைப்பாள். மற்ற நேரத்தில் அவள் ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவள். ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். "என்னோட ஆளுக ஒருத்தரும் திரும்பி வந்து கொறை சொன்னதில்ல பாத்துக்க" என்று அவளைச் சீண்டுவேன்.

ஒரு தடவை ஆலப்புழைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டப் போனேன். அங்கே ஒருவன் சின்ன மர வள்ளத்தில் சம்சாரத்தை உட்கார வைத்துக்கொண்டு, பேச்சும் சிரிப்புமாகத் துடுப்புப் போட்டுப் போனான். எனக்கு வயிறு எரிந்தது. என் கையில் தினமும் புழங்குகிற அதே மரம்தானே? படுத்துக் கிடக்கிறவர்களுக்கே அளவெடுத்து என் காலம் போகிறது. மூச்சுள்ள ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து போகிற மாதிரி ஒன்றே ஒன்று செய்துவிட வேண்டும். ஊருக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

"கண்மாய் நெறஞ்சு கெடக்கு. ஒரு தோணி செஞ்சு ஒன்னைய அதுல கூட்டிட்டுப் போறேன்."

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க செய்ற பொட்டியில உசுரோட ஏற மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

சுருக்கென்றது. இவளை ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிந்து வைத்தேன்.

முதல் தோணியை எனக்குத் தெரிந்த மாதிரி செய்தேன். தப்பே அங்கேதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் நேர்கோடு. மூலைக்கு மூலை மூலைமட்டம் வைத்துப் பார்த்து, வேப்பம்பலகையை வழவழவென்று இழைத்து, முனைகளைக் கொஞ்சம் குறுக்கிப் பட்டறை வாசலில் வைத்தேன். என் மச்சினன், அவளுடைய தம்பி, திராட்சைத் தோட்டத்திலிருந்து பைக்கில் வந்தவன் அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தித் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"யாரு மச்சான் தவறிட்டாக?"

"ஒருத்தரும் தவறலடா! தோணிடா இது!"

கண்மாயில் இறக்கினால் அந்தச் சனியன் நேராகப் போக மாட்டேன் என்றது. துடுப்புப் போடப் போட நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்புறம் மூலைகளில் தண்ணீர் கசிந்து, நான் இடுப்பளவு நனைந்து கரையேறினேன். கரையில் சிரிக்காதவர் இல்லை. மனைவி ஈரத் துண்டை வாங்கிக்கொண்டு, "உள்ள வெள்ளைத் துணி விரிக்காததுதான் பாக்கி" என்றாள்.

சரி, பலகையை வளைக்க வேண்டும் என்று புத்தி வந்தது. ஆவியில் வேக வைத்தால் மரம் வளையும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். திருவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த இட்லிக் கொப்பரையின் மூடியில் ஓட்டை போட்டு, நீளமான தகரக் குழாயைச் சொருகி, அதற்குள் பலகையைத் தள்ளி அடுப்பை மூட்டினேன். கதவு செய்கிறவன் புத்தி போகுமா? இருப்பதிலேயே நன்றாகக் காய்ந்த தேக்காகப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். கதவுக்கு அதுதான் உசத்தி. வளைக்கக் கொஞ்சம் ஈரமுள்ள மரம் வேண்டும் என்பது, பலகை பட்டென்று முறிந்து என் தாடையில் ஒன்று வைத்த பிறகுதான் உறைத்தது. கையிலிருந்த சுத்தியலை வீசி எறிந்தேன். மூடியைப் பார்த்துவிட்டு மனைவி கொடுத்த ஏச்சு இருக்கிறதே, அப்பப்பா! அதற்குப் பிறகு அந்தக் கொப்பரையில் அவித்த இட்லியெல்லாம் தேக்கு வாடை அடித்தது.

மூன்றாவது வழி என் கோபத்தில் கிடைத்தது. ஒரு அலமாரிக்காக உத்தமபாளையத்தில் தண்ணீர் தாங்குகிற மெல்லிசு பிளைவுட் வாங்கினேன். மச்சினன் திராட்சையை இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானை வண்டியில் ஏற்றினோம். காற்றில் பறக்கக்கூடாது என்று அவன் திராட்சைப் பந்தலுக்குக் கட்டுகிற கம்பியை எடுத்து, பலகையின் இரண்டு பக்க ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து முறுக்கிவிட்டான். வீட்டு வாசலில் வந்து பார்க்கிறேன், பலகை வில்லாக வளைந்து நிற்கிறது.

"ஏலே, கிறுக்குப் பயலே! புதுப் பலகைய இப்பிடியா வளைப்பாக?"

கத்தின வாய் அப்படியே நின்றது. அடுப்பில்லை, ஆவியில்லை, ஒரு கீறல் இல்லை. வயிறு தள்ளிக்கொண்டு அழகாக வளைந்திருந்தது.

"மாப்ள, அவுக்காத! தொடாத!"

"அக்கா, இங்கன வா. மச்சானுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று அவன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

அலமாரியைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். பிளைவுட்டை நீளத் துண்டுகளாக அறுத்து, ஓரமெல்லாம் ஓட்டை போட்டு, கம்பியால் கோத்தோம். மச்சினனுக்குப் பந்தல் போட்டுப் பழகிய கை. ஒரே முடிச்சை இறுக்காமல் எல்லா முடிச்சையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். தட்டையாகக் கிடந்தது கண்ணெதிரே எழும்பி வந்தது. ஆனால் முனை இரண்டும் கூடவில்லை. பலகை அங்கே புடைத்துக்கொண்டு நின்றது. இழுத்தால் முறிகிற சத்தம் கேட்டது. நான் மறுபடியும் மூலைமட்டத்தைத் தேடினேன்.

வெகு நேரமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "டாட் பிடிக்கணும்" என்றாள்.

"என்னது?"

"தட்டையா இருக்கிற துணி ஒடம்புக்கு எப்பிடி நிக்கிது? டாட் பிடிக்கிறதாலதான. அங்கன முக்கோணமா ஒரு வெட்டு எடுத்துட்டு, ரெண்டு ஓரத்தையும் சேத்துத் தைங்க."

சொன்னதோடு நிற்காமல் துணியில் கோடு போடுகிற சாக்குக் கட்டியை எடுத்து வந்து, குனிந்து, அவளே கோடு கிழித்தாள். அறுத்தேன். கோத்தோம். முறுக்கினோம். மூக்கு கூர்மையாகி மேலே எழுந்தது. "அடியாத்தீ! நீதாண்டி கெட்டிக்காரி!" என்று நான் குதித்த குதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ரெசின் பசையில் மரத்தூளைக் குழைத்து இடுக்கெல்லாம் அடைத்து, காய்ந்ததும் கம்பிகளை வெட்டி உருவி, பைபர் துணி ஒட்டினோம்.

உட்காரும் பலகையை எங்கே வைப்பது என்பதுதான் மீதி. அதற்கு உட்காருகிற ஆளின் அளவு வேண்டும். அவள் மெஷினில் இருந்தபோது என் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அந்த டேப்ப எடுத்துக்கிட்டு என் கிட்ட வராதீக."

அந்த டேப் யார் யாரை அளந்தது என்று அவளுக்குத் தெரியாதா? எனக்கு முகம் செத்துப்போனது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். அவள் கழுத்தில் கிடந்த துணி டேப்பைக் கழற்றி நீட்டினாள்.

"இதுல எடுங்க."

எடுத்தேன். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால். கண்ணில் தண்ணீர் முட்டி, எண் தெரியாமல் திரும்ப ஒரு தடவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே கண்மாய்க் கரைக்கு வந்துவிட்டது, சிரிப்பதற்குத்தான். அவள் ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துணிகளில் ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ எல்லாம் இருந்தன. வெள்ளை ஒரு துண்டுகூட இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறித் துடுப்பைப் போட்டேன். சுற்றவில்லை, கசியவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கரையிலிருந்து சிரிப்பு வரவில்லை. விசில்தான் வந்தது, முதல் விசில் மச்சினனுடையது.

நடுக் கண்மாய் வரை அவள் தோணியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்புறம் காலை நன்றாக நீட்டி, முதுகைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, அளவு சரியா இருக்கு."

எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவன் நான். ஒருவர் வாயைத் திறந்து அதைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ஒரு கத்துக் கத்தினேன். "ஆட்டாதீக, ஆட்டாதீக!" என்று அவளும் சேர்ந்து கத்தினாள்.